எதிர்வீட்டு ரிமோட்

பெரியப்பாவின் ரிமோட்டில் ஒலியைக் கூட்டுகிற பொத்தானும் சேனல் மாற்றுகிற பொத்தானும் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். மற்ற பொத்தான்களில் எண்கள் இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கின்றன. உள்ளங்கையைவிடச் சற்று நீளமான கறுப்புப் பிளாஸ்டிக். பின்பக்க மூடி எப்போதோ போய்விட்டதால், பேட்டரி விழாமலிருக்கச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று. அதற்கு மேல் ஒரு பாலித்தீன் உறை. உறை நழுவாமலிருக்க இன்னொரு வளையம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது உறையை மட்டும் மாற்றுவார். ரிமோட்டைத் துடைப்பார், வாயால் ஊதுவார், பழையபடி உறையைப் போட்டு வளையத்தை மாட்டிவிடுவார். நான் கருவியியல் படித்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் என்று எங்கிருந்தோ ஏதோவொரு கருவி நாள் முழுக்க எனக்குச் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லாம் விலையுயர்ந்த கருவிகள். ஆனாலும் சைகை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உறை போட்ட அந்த ரிமோட்தான்.

எங்கள் ஊர் திருவையாற்றைத் தாண்டி, காவிரியிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. தெரு குறுகல். அறுவடை இயந்திரம் உள்ளே வந்தால் வாசலில் நிற்கும் வண்டிகளையெல்லாம் வீட்டுக்குள் ஏற்ற வேண்டும். தாத்தா இரண்டு மகன்களுக்கும் எதிரெதிராக வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தால் எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் எந்த மாதத்தைக் காட்டுகிறது என்பது பெரியப்பா வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே பெரியம்மா இறந்துவிட்டார். பெரியப்பாவும் அவருடைய ஒரே மகளான அக்காவும் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அக்கா என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுப்பாள். பெரியப்பா தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து எனக்கு வைப்பார். இதெல்லாம் எனக்குப் பத்து வயது வரை நடந்தது.

குடும்ப அட்டைக்கு ஒன்று என்று அரசாங்கம் இலவசமாகக் கலர் டி.வி. கொடுத்த காலம் அது. பள்ளிக்கூட மைதானத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தலையில், சைக்கிள் பின்சீட்டில், மொபெட்டில் என்று ஒரே நாளில் தெரு முழுவதும் டி.வி. வந்துவிட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ரிமோட். இதன் விளைவை எங்கள் தெருப் பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் வீட்டு ரிமோட்டை எந்த வீட்டு ஜன்னலில் நீட்டினாலும் அந்த வீட்டு டி.வி. கேட்கும். சீரியலில் மாமியார் விஷம் கலக்கும் கட்டத்தில் அணைத்துவிட்டு ஓடுவோம். "எந்தக் கழுதடா அது?" என்று பின்னாலேயே குரல் வரும். நாளடைவில் அந்த டி.வி.க்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் தட்டை டி.வி. வாங்கிக் கொடுத்தார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் பழைய பெட்டி மிச்சமிருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்த விளையாட்டும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

டி.வி. வந்த அதே வருஷம் அக்காவுக்கு மாயவரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்தில் நடந்த பிழை. தூரத்துச் சொந்தங்களின் பெயரெல்லாம் பட்டங்களோடு இருந்தது. கூடப்பிறந்த தம்பியின் பெயர் இல்லை. பெரியப்பா அதைக் கவனிக்காமலே ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டார். அப்பா கவனித்தார். நேரில் போய்க் கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அப்பா கேட்கவில்லை. "பேரில்லாத எடத்துக்கு ஆளு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்தன்று வயலுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் மட்டும் போனோம். தாலி கட்டும் நேரத்தில் பெரியப்பா நாலு தடவை மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் தெருவில் நின்று, குலசாமி மேல் ஆணையாகச் சொன்னார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வராதவன் வீட்டு வாசப்படிய இனி நான் மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவில்லை. பேசவும் இல்லை. அவர் வீட்டு டி.வி. சீரோடு சீராக மாயவரம் போயிற்று. ரிமோட் போகவில்லை. தொலைந்துவிடக் கூடாது என்று பெட்டி பிரித்த அன்றே அதை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியவர், அனுப்பும்போது மறந்துவிட்டார். அக்கா வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை. அவர்கள் தெருவிலும் அதே டி.வி., அதே ரிமோட். அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே தெருவில், ஒட்டிய வயல்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பத்து வருஷத்துக்கு மேல் பேசாமலிருப்பது சுலபமான காரியம் இல்லை. அதற்கென்று தனியாக ஏற்பாடுகள் வேண்டும். இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால், முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். தன் முறை முடிந்ததும் பெரியப்பா வரப்பில் இருக்கும் பூவரசு மரத்தில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். அதைப் பார்த்து அப்பா தன் மடையைத் திறப்பார். அப்பா முடித்ததும் அதே மரத்தில் அதே மாதிரி. தண்ணீர்த் தகராறு ஒருநாளும் வந்ததில்லை. ஊரில் பேசிக்கொள்கிற அண்ணன் தம்பிகள்தான் மடையில் அடித்துக்கொண்டார்கள். என்னிடம் பெரியப்பா பேசுவார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி ஆயி என்றுதான் கூப்பிடுவார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், "என்ன ஆயி, காலேஜுக்கா?" என்பார். ஆமாம் என்பேன். "ம்" என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எப்படிப் பேசுவதென்று தெரியாது.

எங்கள் டி.வி.க்குக் கோளாறு வந்தது நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம். பகலில் சமர்த்தாக இருக்கும். பொழுது சாய்ந்தால் தானாக ஒலி கூடும். அம்மா குறைப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூடும். அப்புறம் சேனல் மாறத் தொடங்கியது. அம்மாவின் சீரியலில் தொலைந்துபோன மகன் தாயின் முன்னால் வந்து வாயைத் திறக்கும் நேரத்தில், படக்கென்று நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து எப்படி அடிப்பது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பார்.

"இந்தப் பொட்டிக்குள்ள பேய் பூந்திருக்கு. அதுவும் வெவசாயம் பாத்த பேயி," என்றாள் அம்மா.

திருவையாற்றிலிருந்து மெக்கானிக் வந்தார். பகலில் வந்தார். டி.வி. அவர் முன்னால் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பின்மூடியைக் கழற்றித் தூசியைத் தட்டி, இரண்டு இடத்தில் பற்றவைத்துவிட்டு, "ஈரக்காத்துங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மறுபடியும் புழு மருந்து. நான் சும்மா இருக்கவில்லை. எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். மாலையில் மின்னழுத்தம் குறைவது, உள்ளே பற்றவைப்பு விட்டிருப்பது, ரிமோட்டில் பொத்தான் ஒட்டிக்கொண்டிருப்பது என்று மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். பல்லி என்று அம்மா சொன்னதை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. பல்லியும் இல்லை.

அப்பா மட்டும் இதில் கலந்துகொள்ளவே இல்லை. துபாயிலிருந்து வந்த மாமா, "மச்சான், இதத் தூக்கிப் போடுங்க, பெரிய டி.வி. ஒண்ணு எறக்கித் தர்றேன்" என்றபோது அப்பா வேண்டாம் என்றார். "இது போதும். படம் தெரியுது, சத்தம் கேக்குது."

"சத்தம்தான் ஊருக்கே கேக்குதே!" என்றாள் அம்மா.

"கேட்டா கேட்டுட்டுப் போவுது."

அதே வாரம் அப்பா டி.வி.யைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, கூடத்தின் கோடியில், வாசலை நேராகப் பார்க்கிற மாதிரி வைத்தார். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது கழுத்துவலி. காற்றோட்டம் நல்லது, பெட்டி சூடாகாது என்றார். என் படிப்புக்குப் பொருத்தமான காரணமாக இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன்.

கல்லூரியின் கடைசி வருஷத்துக் கார்த்திகை. அன்று மழை விட்டிருந்தது. தெரு முழுக்க அகல் ஏற்றியிருந்தார்கள். நான் எங்கள் வாசலில் நின்று தோழிகளுக்கு அனுப்புவதற்காகக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டு வாசலில் இரண்டே இரண்டு அகல், உள்ளே இருட்டு. அவர் வீட்டில் மாலையில் விளக்குப் போடுவதில்லை. கரண்டை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தோம். கைபேசித் திரையில் மூன்றாவதாக ஒரு விளக்கு தெரிந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே, ஊதா நிறத்தில், துடித்துத் துடித்து அணைகிற சின்னப் புள்ளி. கைபேசியை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ஜன்னல் இருட்டாக இருந்தது. மறுபடி திரையில் பார்த்தேன். புள்ளி துடித்தது. அதே நொடியில் உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "போச்சு! மறுபடி மாத்திடுச்சு!"

ரிமோட்டிலிருந்து வரும் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கைபேசிக் கேமராவுக்குத் தெரியும். முதல் வருஷ ஆய்வகத்தில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற காரியம் அது. பகலில் வெயிலில் அந்த ஒளி அமுங்கிப்போகும். பொழுது சாய்ந்தால்தான் தெருவைக் கடந்து வந்து சேரும். டி.வி.யின் கோளாறு முழுவதும் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அகல் விளக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியப்பாவின் ஜன்னலுக்குக் கையசைத்தேன். அன்று மாலை சேனல் அதற்கப்புறம் மாறவில்லை.

மறுநாள் வயல் வரப்பில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அப்பா நின்று, சேற்றுக்காலை வாய்க்காலில் அலசினார்.

"தெரியும்," என்றார்.

"எப்பலேருந்துப்பா?"

"மொத மாசமே. கிரிக்கெட்டு வச்சா ஒரு நிமிஷம் தாங்காது, மாறிடும். பழைய பாட்டு வந்தா சத்தம் ஏறும். எங்கண்ணன் இல்லாம வேற யாரு?" மற்றக் காலையும் அலசிக்கொண்டே, "பாவம், தனியா உக்காந்து சுவத்த பாத்துட்டிருக்கறதுக்கு இது தேவல" என்றார்.

"போய்ப் பேசிட வேண்டியதுதான?"

"நான் போயி நின்னா, ஆணையிட்டுட்டமேன்னு அவரு மூஞ்சிய எங்க வச்சிக்குவாரு? வேணாம். நீ இத யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டக்கூட. அவ வாசக்கதவச் சாத்திப்புடுவா."

அதற்கப்புறம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாலையில் நான் டி.வி.யைப் பார்ப்பதில்லை, இரண்டு பேரையும் பார்ப்பேன். அப்பா செய்தி வைப்பார். மழைச் செய்தியும் அணை நீர்மட்டமும் முடியும் வரை பெரியப்பா கை வைக்க மாட்டார். அரசியல் தொடங்கியதும் மாற்றுவார். அப்பா திருப்பி வைப்பார். அவர் மாற்றுவார். மூன்றாவது தடவை அப்பா விட்டுக்கொடுத்துவிடுவார். சில நாள் பெரியப்பா விட்டுக்கொடுப்பார். அப்பா வேண்டுமென்றே கிரிக்கெட் வைப்பார்; அடுத்த நொடி அது பறந்துபோகும். அப்போது அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அண்ணன் சாப்பிட்டாயிற்று, உட்கார்ந்தாயிற்று, கோபம் குறையவில்லை, நன்றாக இருக்கிறார். இவ்வளவும் அப்பாவுக்கு அந்த ஒரு மாற்றத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டு மாலைகளின் நிம்மதி அதில் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கேபிள்காரர் வந்து, பழைய இணைப்பு அடுத்த மாதத்தோடு நின்றுவிடும், இனி வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ்தான் என்றார். அந்தப் பெட்டிக்கு வேறு ரிமோட். சேனல் மாற்றுவதெல்லாம் அதில்தான். அப்பா அன்று இரவு எனக்குப் போன் செய்தார். நெல், மழை, உரம் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "ஏம்மா, அந்தப் பொட்டி வந்தா இந்த ரிமோட்டு வேலை செய்யாதாமே?" என்றார்.

"செய்யாதுப்பா."

அவருக்குப் பின்னால் டி.வி. சத்தம் ஏறுவது போனில் கேட்டது.

படித்ததற்கு ஒரு பயன் வேண்டுமென்றால் அது இங்கேதான் என்று தோன்றியது. விடுதி அறையில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னச் சுற்று. பழைய ரிமோட் அனுப்புவதை அது வாங்கிக்கொள்ளும். அதையே புதுப்பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்பும். வாங்குகிற பக்கத்தை வாசல் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் தெருவைக் கடந்து வரும் சைகை இன்னும் நன்றாகக் கிடைக்கும். பழைய டி.வி. குழம்பிவிடாமலிருக்க அதன் கண்ணின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். பெரியப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நேற்று அழுத்தியதையே இன்றும் அழுத்துவார். நேற்று நடந்ததே இன்றும் நடக்கும்.

புதுப்பெட்டி பொருத்திய நாளில் விடுப்பெடுத்து வந்தேன். ஐப்பசி அடைமழை. காலையிலிருந்து வானம் திறந்துகொண்டு ஊற்றியது. கேபிள்காரர் மதியம் வந்து போனதும் நான் சுற்றை மாட்டினேன், டேப் ஒட்டினேன். இருட்டத் தொடங்கியதும் அப்பா அவரே கிரிக்கெட் வைத்தார். "சத்தத்த நல்லா ஏத்தி வையி. புதுப்பொட்டி வந்தா மாத்த முடியாதுன்னு கேபிள்காரன் ஊரெல்லாம் சொல்லிட்டான். கிரிக்கெட்டு சத்தம் கேட்டாத்தான் எங்கண்ணன் அழுத்திப் பாப்பாரு."

காத்திருந்தோம். விக்கெட் விழுந்தது. மாறவில்லை. இன்னொரு ஓவர். மாறவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது இப்படியா என்று மனதுக்குள் வரிசையாகச் சோதித்தேன். மின்சாரம் வருகிறது. வயர்கள் சரி. மழை அடர்த்தியில் ஒளி கரைகிறதோ என்று சந்தேகம் வந்ததும் எங்கள் வீட்டுப் பழைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி, பெரியப்பா வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்று அழுத்தினேன். எங்கள் கூடத்தில் கிரிக்கெட் போய்ச் செய்தி வந்தது. மறுபடி அழுத்திக் கிரிக்கெட்டையே வரவைத்தேன். சுற்று சரியாக வேலை செய்தது. சந்தோஷமாக ஓடிவந்து, "எல்லாம் கரெக்டா இருக்குப்பா, கோளாறே இல்ல!" என்றேன்.

என் வரிசையில் எல்லாம் இருந்தது. அழுத்துகிறவர் மட்டும் அதில் இல்லை.

அப்பா எழுந்து நின்றார். "எங்கண்ணன் இவ்ளோ நேரம் கிரிக்கெட்டு பாக்க மாட்டாரும்மா," என்றார். அவருடைய குரல் எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. குடையை எடுக்கவில்லை. செருப்புப் போடவில்லை. தெருவை இரண்டு எட்டில் கடந்து, "அண்ணே!" என்று கூப்பிட்டபடி அந்த வீட்டுக்குள் போனார். அப்பா அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான், பத்து வயதுக்கு அப்புறம்.

பெரியப்பா கொல்லையில் கிடந்தார். கிணற்றடிப் பாசியில் வழுக்கி, இடுப்பு எலும்பு உடைந்து, எழ முடியாமல் மதியத்திலிருந்து மழையிலேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்ட குரல் மழைச் சத்தத்தில் யாருக்கும் எட்டவில்லை. நான் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினேன். உதடெல்லாம் வெளுத்து, பல் கிட்டியிருந்தது. அப்பா மண்டியிட்டு அவர் தலையை மடியில் தூக்கி வைத்தார். பெரியப்பா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏன்டா... எவ்ளோ நேரமா கிரிக்கெட்டு ஓடுது. மாத்தித் தொலைய மாட்டியா?"

அப்பா சிரித்தாரா அழுதாரா என்று மழையில் தெரியவில்லை. "நீங்க மாத்துவீங்கன்னுதாண்ணே வச்சிருந்தேன்," என்றார். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அதை நான் அந்தக் கொல்லையில்தான் புரிந்துகொண்டேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. விடிய விடிய அந்த ஈரத்தில் கிடந்திருந்தால் இந்த வயதில் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பேயி பெரிய மாமாதானா? தொலைஞ்ச புள்ள அம்மாகிட்ட என்ன சொன்னான்னே இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது," என்றாள். மாயவரத்திலிருந்து வந்திருந்த அக்கா அழுகையும் சிரிப்புமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா அவரைத் தன்னோடு கூட்டிப்போக நினைத்தாள். சம்பா வயலில் நிற்கிறது, வர மாட்டேன் என்றார். தனியாக விட முடியாது. எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா சொன்னார். எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதும்தான் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது.

"குலசாமி மேல சொல்லியிருக்கேன்டா. உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு."

"நீங்க எங்கண்ணே மிதிக்கப் போறீங்க? தூக்கிட்டுத்தான போறோம்."

பெரியப்பா யோசித்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அப்பாவும் தெருக்காரர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். படிக்கு நேராக வந்ததும் வலிக்கிற காலை முடிந்தவரை உயர்த்திக்கொண்டார். "மாமா, நல்லாத் தூக்கிக்கங்க, பட்டுடப் போவுது," என்று அம்மா பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடியே வந்தாள். படவில்லை. ஆணை பிழைத்தது, ஆளும் பிழைத்தார். கூடத்தில் இறக்கியதும் மடியிலிருந்து எதையோ எடுத்தார். உறை போட்ட ரிமோட். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

நடக்கத் தொடங்கியபின் என்ன செய்வார் என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. அவரே வழி வைத்திருந்தார். உள்ளே வருவதற்குத்தான் ஆணையாம், வாசல் வழியாக வெளியே போவதற்கு இல்லையாம். வருவதற்குக் கொல்லைக் கதவு. "அது வாசப்படி இல்ல ஆயி, கொல்லப்படி," என்று என்னிடம் விளக்கினார். இன்றுவரை அப்படித்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு காலையில் வாசல் வழியாக வயலுக்குப் போகிறார். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக உள்ளே வருகிறார். மாலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறார். எதிர்வீட்டில் அறுவடைக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள்.

பழைய டி.வி. போன வருஷம் முற்றிலும் நின்றுவிட்டது. இப்போது சுவரில் தட்டை டி.வி. இருக்கிறது. அதற்கொரு ரிமோட், பெட்டிக்கொரு ரிமோட் என்று இரண்டு புதிதாக வந்தன. பெரியப்பாவிடம் கொடுத்தபோது, "எங்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதனால் நான் என் சுற்றை எடுத்து, புது டி.வி.க்கும் புரிகிற மாதிரி திருத்தி வைத்தேன். மற்ற எல்லாம் மாறிவிட்டன. அவர் அழுத்துகிற பொத்தான் மட்டும் அதேதான்.

வேலை முடிந்து வந்ததும் நான் தினமும் வீட்டுக்கு வீடியோ போன் போடுகிறேன். அம்மா போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். திரையில் கூடம் தெரியும். இரண்டு நாற்காலிகள், இரண்டு தலைகள், ஒன்று முழு நரை, ஒன்று பாதி நரை. அப்பா கிரிக்கெட் வைத்திருப்பார். என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. பெரியப்பாவின் கையைப் பார்த்தபடி காத்திருப்பேன். சிறிது நேரத்தில் பாலித்தீன் உறைக்குள்ளிருந்து ஊதாப் புள்ளி ஒன்று துடிக்கும். அந்தக் கூடத்தில் இருக்கிற யாருக்கும் அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆரம்பிச்சிட்டாரு," என்பார் அப்பா.

நான் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவேன்.